எழுபதாயிரத்துக்கு ஐகான், அப்புறம்?

எங்க ஹாஸ்டல்ல இப்போ ஒரு வியாதி பரவிட்டு இருக்கு. எவன் ஃபோனை வாங்கிப் பார்த்தாலும் பழைய ஃபோர்டு ஐகான் 1.6 தான். "எழுபதாயிரம்தான் மச்சி, புது பைக்கே அதைவிட ஜாஸ்தி!" போன வாரம் ஒரு நண்பன் அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிட்டான். வீட்ல மல்லாட்டை வித்து செமஸ்டர் ஃபீஸுக்காக அனுப்பின காசு அது. அவனுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஐகான் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 1999-ல் வந்த கார். நம்ம ஜிஎஸ்டி ரோட்டுலயே, மறைமலை நகர்ல தயாரானது. என் பெரியப்பா பையன் டிஎன் 16 நம்பர்ல ஒண்ணு வெச்சிருக்கார். திண்டிவனம் தாண்டி மூணாவது கியர்ல மிதிச்சா வர்ற அந்த இழுப்பு இருக்கே... சரி, கணக்குக்கு வருவோம்.

பதிவாகி 15 வருஷம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி, 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. எஃப்.சி.க்குக் காட்டறதுக்கு முன்னாடி செய்ற டிங்கரிங், டயர் செலவெல்லாம் அதுக்கும் மேல. "சார், இது கிளாசிக் கார்"னு அங்க போய்ச் சொல்லிப் பயனில்லை. சட்டப்படி வின்டேஜ் ஆகணும்னா 50 வயசு தாண்டணும். அதுவரைக்கும் அது வெறும் பழைய வண்டி.

அடுத்தது இன்ஷூரன்ஸ். 2022-ல அறிவிச்ச கட்டணப்படி, 1500 சிசி வரைக்கும் தேர்ட் பார்ட்டி 3,416 ரூபாய். அதைத் தாண்டினா 7,897. ஐகான் 1.6 எவ்வளவு தெரியுமா? 1597 சிசி! அந்த 97 சிசிக்காக வருஷா வருஷம் இரண்டு மடங்குக்கு மேல கட்டணும், ஜிஎஸ்டி வேற.

இதையெல்லாம்கூட சமாளிச்சிடலாம். அண்ணனை உட்கார வெச்சது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. கூட்டேரிப்பட்டு கிட்ட டெம்பரேச்சர் முள் சரசரன்னு ஏறிடுச்சு. பானெட்டைத் திறந்தா தெர்மோஸ்டாட் ஹவுசிங் விரிசல் விட்டு கூலன்ட் எல்லாம் கொட்டிப்போச்சு. 20 வருஷம் சூட்டுல வெந்த பிளாஸ்டிக், யாரையும் குறை சொல்ல முடியாது. டோ பண்ணி விழுப்புரம் கொண்டு வந்தோம். பொருள் சில ஆயிரம்கூட இல்லை, ஆனா கடை கடையா ஏறியும் கிடைக்கலை. ஃபோர்டு 2022-ல இங்க கார் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. மெக்கானிக் சென்னைக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டார். கடைசியில நான்தான் ஒரு லேபைக் கட் அடிச்சுட்டு புதுப்பேட்டை போய் வாங்கிட்டு வந்தேன். பதினோரு நாள் அண்ணன் வேலைக்கு டவுன் பஸ்லதான் போனார். பெரியம்மா மட்டும் தினமும் "வண்டி எங்கப்பா?"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க.

அவர்கிட்ட சம்பளம் இருந்தது, அவசரத்துக்கு ஒரு ஸ்ப்ளெண்டரும் இருந்தது. பழைய பர்ஃபார்மன்ஸ் கார் வெச்சுக்க அந்த இரண்டும் வேணும்னுதான் நான் சொல்றேன். வாங்கற விலைக்கு நிகரா இன்னொரு தொகை கையில இல்லாதவன் அதைத் தொடக்கூடாது. "நான் ஓட்டவே மாட்டேன், சும்மா வெச்சிருப்பேன்"னு ஒருத்தன் சொன்னான். நிக்கிற வண்டிக்கும் பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும் தம்பி.

அட்வான்ஸ் கொடுக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்காம். அதுக்குள்ள ஃபீஸைக் கட்டிடு மச்சி. மீதி என்ன இருக்கோ அதை வெச்சுப் பேசலாம்.