கொலுவும் ஒரு கொண்டைக்கடலையும்

"தொடாதே!"

2024 நவராத்திரி முழுக்க எங்க வீட்டுல அதிகமா ஒலிச்ச மந்திரம் இதுதான். சொன்னது நான். கேட்காதது என் பொண்ணு. அப்போ அவளுக்கு ரெண்டரை வயசு. படி கட்டி, வேட்டி விரிச்சு, பொம்மையெல்லாம் பழைய பேப்பர்லேர்ந்து பிரிச்சு வைக்க வைக்க, பின்னாடியே வந்து செட்டியார் தலையைத் திருகுவா, பசுமாட்டுக்குக் காது இருக்கான்னு பார்ப்பா.

சரி, இவளுக்குன்னு தனியா ஏதாவது குடுத்துடலாம்னு யோசிச்சேன். இப்பதான் எங்க பார்த்தாலும் சென்சரி ப்ளேன்னு சொல்றாங்களே. ஒரு அகலமான டப்பா, அதுல கலர் பண்ணின அரிசி, மணல், பயறு, சின்னச் சின்ன பொம்மை. குழந்தை அள்ளணும், கொட்டணும், தடவணும், முகர்ந்து பார்க்கணும். கிறிஸ்துமஸ்னா பஞ்சுல பனி, தீபாவளின்னா மினுமினுப்பு, நவராத்திரின்னா சுண்டல்! நானும் மஞ்சள் அரிசி, பச்சை அரிசி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, கரண்டி எல்லாம் போட்டு டப்பாவை ஹாலோட இன்னொரு மூலையில வச்சேன். பத்து நிமிஷம் வீடு நிசப்தம். ஆஹா, என்ன ஒரு கண்டுபிடிப்புன்னு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

ராத்திரி பார்த்தா, குழந்தை ஒரு பக்க மூக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழறா. டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே ஒரு கொண்டைக்கடலை. ரங்கமணி ஹேர்பின்னைத் தேட ஆரம்பிச்சார். நல்லவேளை, அம்மா கையைத் தட்டிவிட்டாங்க. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஓடினோம். ஒரு சின்னக் கொக்கியால எடுத்துட்டார். "பயறு மூக்கு ஈரத்துல ஊறிப் பெருசாகும், நாமளே நோண்டினா இன்னும் உள்ளே போகும், நேரா வந்தது நல்லது"ன்னார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. மூக்குக்குப் பதிலா மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. "ஏண்டி, அவ விளையாடறதுக்கு அந்த டப்பாவைக் குடுத்தியா, உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு குடுத்தியா?"

பதில் சொல்ல முடியலை. இந்தப் பதிவே அந்தக் கேள்விக்குத்தான்.

சென்சரி ப்ளே தப்புன்னு நான் சொல்ல வரலை. கையால தொட்டுத்தான் குழந்தை உலகத்தைப் படிக்கும். மரியா மாண்டிசோரி அம்மையார் மணல்தாள்ல எழுத்து வெட்டி, குழந்தையை விரலால தடவ வச்சது இதுக்காகத்தான். அவங்க 1939-ல நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. இங்கேயோ விஜயதசமி அன்னிக்குத் தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி, குழந்தை விரலைப் பிடிச்சு 'அ' எழுத வைக்கிறது எப்பவும் இருக்கற வழக்கம். ஆனா பாருங்க, அங்கே குழந்தை தனியா இல்லை. யாரோ ஒருத்தர் மடியில உட்கார்ந்திருக்கு. அதோட விரல் மேல ஒரு பெரிய கை இருக்கு. என் டப்பாவுல இல்லாம போனது அந்தக் கைதான்.

இன்னொண்ணும் புரிஞ்சது. அவளுக்கு வேண்டியது கொலு மாதிரி ஒரு டப்பா இல்லை, கொலுவேதான். நாம செய்யறதை அவளும் செய்யணும். அதைத் தடுத்துட்டு, ஒரு மூலையில நகலைக் குடுத்தா என்ன நியாயம்?

அதனால 2025-ல ஏற்பாட்டை மாத்தினேன். கீழ்ப்படி அவளுக்கு. அதுல மரப்பாச்சி, மரச் செப்பு, துணி பொம்மை மட்டும். எத்தனை தடவை வேணா இடம் மாத்தலாம், ராஜாவுக்குப் புடவை கட்டலாம் :-) மேல் படி மண் பொம்மைகளுக்கு மட்டும் 'தொடாதே' உண்டு. உடையும்னு மட்டும் இல்லை. இந்தியாவுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுங்கற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். பாட்டி காலத்து பொம்மையில என்ன பூசியிருக்கோ யாருக்குத் தெரியும்? வாயில வைக்கற வயசுக்கு அது வேண்டாம்.

அடுத்தது கொலு பார்க். தட்டுல மண்ணைப் பரப்பி, தண்ணி தெளிச்சு, அவ கையாலயே கேழ்வரகும் கடுகும் தூவ வச்சேன். பக்கத்துலயே நான். மூணாம் நாள் பச்சைப் பச்சையா முளை எட்டிப் பார்த்துச்சு. உள்ளங்கையை அது மேல வச்சு "கிச்சுகிச்சு மூட்டுது"ன்னு சிரிச்சா பாருங்க! எந்தக் கலர் அரிசியும் அதைக் குடுக்காது. சுண்டலுக்கு ஊற வச்ச கடலையையும் தண்ணிக்குள்ள கை விட்டு அளைஞ்சா, என் முன்னாடி. நேத்து கல்லு மாதிரி இருந்தது இன்னிக்கு ஏன் குண்டாச்சுன்னு கேட்டா. "உன் மூக்குல கூட குண்டாச்சே"ன்னேன்.

கவனிக்க வேண்டியதையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல 3 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான பொம்மையில, 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சோதனைக் குழாய்க்குள்ள முழுசா நுழையற துண்டு இருக்கவே கூடாது. கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, கோலிக்குண்டு எல்லாமே அதுக்குள்ள போயிடும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கற குன்றிமணி கடிச்சு முழுங்கினா விஷம், கண்ணுலயே காட்டாதீங்க. தண்ணியில ஊறிப் பெருசாகற ஜெல் உருண்டைகள் வேண்டவே வேண்டாம். வயித்துக்குள்ளயும் பெருக்கும். குழந்தைகளுக்கானதுன்னு வந்த இந்த உருண்டைகளை அமேசான், வால்மார்ட், டார்கெட் எல்லாம் அமெரிக்காவுல விக்கறதில்லைன்னு 2023 டிசம்பர்ல முடிவு பண்ணிட்டாங்க. படிக்கு வைக்கற குட்டி எல்ஈடி விளக்குல பட்டன் பேட்டரி இருந்தா, மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கினதான்னு பாருங்க. முழுங்கினா 2 மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துடலாம்.

பயமுறுத்தறேனோ? இல்லைங்க. ஒரு தட்டு மண்ணும் ஒரு பிடி கேழ்வரகும் போதும், கூட உட்கார ஒரு ஆள் இருந்தா. அந்த ஆளுக்குத்தான் பண்டிகை நாள்ல பஞ்சம். வர்றவங்களுக்குக் குங்குமம், வெத்தலைபாக்கு, சுண்டல்னு ஓடறோம். ஒரு படி குறைச்சு வச்சா அம்பாள் கோவிச்சுக்க மாட்டா. மிச்சமாகற அந்த அரை மணி நேரத்தைக் குழந்தை பக்கத்துல உட்கார்ந்து செலவு பண்ணலாமே?

உங்க வீட்டுல கீழ்ப்படி யாருக்கு? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: இந்த வருஷம் ரெண்டு படி வேணுமாம் மேடத்துக்கு. பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு :-)