விபிஎன் செயலிக்கு ஒரு டெவலப்பர் போதும் என்பவர்களுக்கு

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வேண்டும், ஐம்பது நாட்டு சர்வர் இருக்க வேண்டும், விளம்பர வருமானம் வர வேண்டும், ஒரே மாதத்தில் முடித்துத் தர வேண்டும். விபிஎன் செயலி செய்ய ஆள் தேடுகிறவர்களின் அறிவிப்புகள் பெரும்பாலும் இந்தப் பாணியில்தான் இருக்கின்றன. இவர்களில் பலர் நேர்மையானவர்கள். கையில் கொஞ்சம் முதல் இருக்கிறது, ஏதாவது ஒரு தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. டார்ச் செயலி, காலண்டர் செயலி மாதிரி இதுவும் ஒரு செயலிதானே, நல்ல டெவலப்பர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை அடியோடு தவறு. அதற்கு விலை கொடுப்பது அவர்கள் அல்ல. அந்தச் செயலியை நம்பி இறக்கிக்கொள்கிறவர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு விபிஎன் செயலியை முதன்முதலில் இயக்கும்போது சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். உங்கள் நெட்வொர்க்கில் போய்வருவதையெல்லாம் இந்தச் செயலியால் கண்காணிக்க முடியும், நம்பிக்கை இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று போனே எச்சரிக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. சரி என்று தட்டியதும் திரையின் மேலே ஒரு சாவிச் சின்னம் வந்து உட்காரும். அந்த நொடி முதல் வங்கிச் செயலியின் இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு, நள்ளிரவில் பயந்துபோய்த் திறந்த மருத்துவத் தளம் எல்லாமே அந்தச் செயலி வழியாகத்தான் வெளியே போகின்றன. உள்ளே இருக்கும் சேதி பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் குறியாக்கத்தில் பத்திரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது விபிஎன் சர்வரை நடத்துகிறவருக்குத் தெரியும். முன்பு இதை ஜியோவோ ஏர்டெல்லோ பார்த்தது. அவர்களுக்கு உரிமம் உண்டு, முகவரி உண்டு, தப்பு நடந்தால் போய்க் கேட்க ஓர் இடம் உண்டு. விபிஎன் உங்களை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிடுவதில்லை. பார்க்கிற ஆளை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த டெவலப்பரிடம் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். விபிஎன்னின் கடினமான பகுதியான குறியாக்க நெறிமுறையை யாரோ எப்போதோ எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஓபன்விபிஎன் 2001 முதல் இருக்கிறது. வயர்கார்ட் சுமார் நாலாயிரம் வரி நிரல்தான். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. விபிஎன் அமைப்பதற்கான வசதியை ஆண்ட்ராய்டு 2011-லேயே திறந்துவிட்டது. மிச்சமிருப்பது லாகின் திரை, நாடுகளின் பட்டியல், நடுவில் ஒரு பெரிய வட்டப் பொத்தான். திறமையான ஒருவர் சில வாரங்களில் செய்து காட்டிவிடுவார். பொத்தானைத் தட்டினால் உங்கள் இருப்பிடம் ஆம்ஸ்டர்டாம் என்று வரும். பார்ப்பவருக்குப் பூரிப்பு. பணம் கைமாறும், வேலை முடிந்ததாக இருவரும் நினைப்பார்கள்.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் இடைவெளியில், போனையும் விபிஎன் சர்வரையும் இணைக்கும் சுரங்கம் அறுந்தால் போன் என்ன செய்கிறது, தளத்தின் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி எந்தப் பக்கமாகப் போகிறது என்பதெல்லாம் அந்த டெமோவில் தெரியாது. 2016-இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதச் செயலிகள் குறியாக்கமே செய்யாமல் சுரங்கம் அமைத்திருந்தன. 66 சதவீதம் டிஎன்எஸ் கேள்விகளைச் சுரங்கத்துக்குள் அனுப்பவில்லை. 84 சதவீதம், புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 வழிப் போக்குவரத்தை அதற்குள் அனுப்பவில்லை. ஜியோ பெருமளவில் ஐபிவி6-இல் ஓடும் நம் நாட்டில் அந்தக் கடைசி எண்ணை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பத்தாண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. சிட்டிசன் லேப் ஆய்வகம், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வு, கூகுள் பிளேயில் மொத்தம் 70 கோடிக்கும் மேல் இறக்கப்பட்ட விபிஎன் செயலிகளைப் பற்றியது. வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் இருந்தவை ஒரே நிரலைப் பகிர்ந்துகொண்டன. அவற்றில் சில, சுரங்கத்தின் கடவுச்சொல்லைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தன. அதை எடுக்கத் தெரிந்தவர், அதே வைஃபையில் இருந்தால், மற்றவர் அனுப்புவதைப் பிரித்துப் படிக்கலாம்.

இதைச் சொன்னால், அப்படியானால் இன்னும் நல்ல டெவலப்பராகப் பார்த்து வைக்கிறோம் என்பார்கள். அங்கேதான் சிக்கலே இருக்கிறது. விபிஎன் நடத்துவது ஊருக்கே குடிநீர் விடுகிற வேலை. குழாய் பொருத்துகிறவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதுதான், ஆனால் தொட்டியில் என்ன கலக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பாக முடியாது. யுஎஃப்ஓ விபிஎன், பதிவுகள் எதையும் சேமிப்பதில்லை என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. 2020 ஜூலையில் அதன் தரவுத்தளம் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது. பயனர்கள் எங்கிருந்து இணைந்தார்கள் என்ற விவரமும் கடவுச்சொற்களும் அதில் இருந்தன. ஒரே அமைப்பின் மேல் வேறு வேறு பெயர் ஒட்டிய ஏழு விபிஎன்கள் அந்தக் கசிவில் அகப்பட்டன. அந்தச் செயலிகளை எழுதியவர்கள் எவ்வளவு சிறந்தவர்களாக இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. தப்பு சர்வரை நடத்தியவர்களிடம் இருந்தது.

சர்வருக்கு மாதாமாதம் வாடகை உண்டு. ஆயிரக்கணக்கானோர் வீடியோ பார்க்கும் டேட்டாவின் செலவை ஓரத்து விளம்பரம் ஈடுகட்டாது. அப்போது பயனரையே விற்கும் எண்ணம் வருகிறது. ஹோலா விபிஎன் தன் இலவசப் பயனர்களின் இணைப்பை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டது 2015-இல் வெளிவந்தது. பேஸ்புக் வாங்கிய ஓனாவோ நிறுவனத்தின் விபிஎன் செயலி, பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே எந்தச் செயலியை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்தது. அதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவசச் செயலிகள் வழியாக உருவாகி, பயனர்களின் இணைப்பைப் பிறருக்கு வாடகைக்கு விட்ட 911 எஸ்5 வலைப்பின்னலை 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கியது. அதில் 1.9 கோடி ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. யாரோ செய்த மோசடி, ஒன்றும் அறியாத ஒரு குடும்பத்தின் இணைப்பில் பதிவாகியிருக்கும்.

இறக்கிக்கொள்கிறவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். இலங்கையில் 2018 மார்ச் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் தெருவுக்கு வந்தபோதும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2022-இல் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாக ட்விட்டரில் சொன்னார். அவருக்கு அது ஓர் அரசியல் கருத்து. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் தவித்த தாய்க்கு, பட்டியலில் முதலில் வந்த இலவசச் செயலியைத் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தட்டலை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அதை ஒரு மாத ஒப்பந்தத்தில் செய்து முடிக்கும் சமாச்சாரமாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் நடத்த நினைத்தால் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை தருகிறவர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த ஐபி ஆகியவற்றை, அவர் விலகிய பிறகும் ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் அந்த ஆண்டே இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. உத்தரவை எதிர்ப்பதா, பணிவதா, வெளியேறுவதா என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். நோட்டீஸ் வரும்போது டெவலப்பர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸார் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வாரண்டோடு போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். எடுத்துப்போக வாடிக்கையாளர் விவரம் எதுவும் அங்கே இல்லை. அப்படி எதையும் சேமிக்கக் கூடாது என்று நிறுவனத்தை நடத்துகிறவர்கள் எடுத்த முடிவு அது. அதைக் கூலிக்கு எழுதி வாங்க முடியாது.

உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் விபிஎன் வேண்டுமென்றால் புதுச் செயலியே தேவையில்லை. வயர்கார்டின் சொந்தச் செயலி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் செயலிக் கடைகளிலும் இலவசமாகக் கிடைக்கிறது, சர்வரை அமைத்துத் தர ஒருவர் இருந்தால் போதும். ஊருக்கே தரப் போகிறீர்கள் என்றால், முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். தனிநபர் கணக்கில் வரும் விபிஎன் செயலியை ஆப்பிள் ஏற்பதே இல்லை. சர்வரைக் கவனிக்கும் ஆளையும், வெளியாள் ஒருவர் வந்து தணிக்கை செய்வதற்கான பணத்தையும் தயார் செய்யுங்கள். நீங்கள் யார், எந்த ஊர், எதைச் சேமிப்பீர்கள் என்று உங்கள் பெயரில் எழுதி வெளியிடுங்கள். டெவலப்பரை அதற்குப் பிறகு தேடலாம்.