நீண்ட காலக் கணக்கெடுப்பின் தேவை

வனவிலங்கு ஆராய்ச்சிகளுள் பல, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கென்றே வகுக்கப்படுகின்றன. தவணை முடிந்ததும் அறிக்கை எழுதப்படுகிறது. கள ஊழியர் வேறிடத்திற்கு மாற்றப்படுகிறார். பதிவேடு அலமாரியில் வைக்கப்படுகிறது. இம்முறை போதுமானதன்று என்பதே எமது கருத்து. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் மூஸ் என்னும் மானின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மான் குடும்பத்தில் மிகப் பெரியது மூஸ். வளர்ந்த ஆண் விலங்கு தோளளவில் ஏறக்குறைய 2 மீட்டர் உயரமுடையது. அதன் அகன்ற கொம்புகள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உதிர்ந்து, பின்னர் புதிதாக முளைக்கின்றன. கோடையில் அது ஏரிகளில் இறங்கி, சோடியம் மிகுந்த நீர்த்தாவரங்களை மேய்கிறது. பனிக்காலத்திலோ மரக்கிளைகளின் நுனிகளே அதன் உணவு.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவு ஒரு தேசியப் பூங்காவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ்கள் அங்குக் குடியேறின. 1940-களின் பிற்பகுதியில், உறைந்த ஏரியைக் கடந்து ஓநாய்களும் வந்து சேர்ந்தன. டர்வர்டு ஆலன் என்னும் விஞ்ஞானி, 1958-இல் இவ்விரு விலங்குகளையும் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் வகுத்த திட்டம் பத்தாண்டுகளுக்கே. ஆயினும் அவருக்குப் பின் வந்தோர் அப்பணியைக் கைவிடவில்லை. குளிர்காலத்தில் சிறு விமானத்திலிருந்து விலங்குகளை எண்ணியும், கோடையில் காட்டில் நடந்து எலும்புகளைத் திரட்டியும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தொடர்ந்து வந்துள்ளனர்.

பத்தாண்டுகளோடு நிறுத்தியிருப்பின் என்ன முடிவு கிட்டியிருக்கும்? ஓநாய்கள் பெரும்பாலும் கன்றுகளையும் முதிர்ந்தவற்றையுமே கொல்வதால், இரண்டு இனங்களும் நிலையான சமநிலையில் வாழ்கின்றன என்று கருதியிருப்போம். பின்னர் நிகழ்ந்தது வேறு. 1980-இல் 50 ஆக இருந்த ஓநாய்கள், பார்வோ வைரஸ் நோய் பரவியபின், 1982-இல் 14 ஆகக் குறைந்தன. மூஸ்களோ 1995-இல் ஏறத்தாழ 2,400 ஆகப் பெருகின. அடுத்து வந்த கடுங்குளிர், உணவுப் பற்றாக்குறை, உண்ணித் தொல்லை ஆகியவற்றால் 1997-இல் அவை 500 அளவுக்கு வீழ்ந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி நலிவுற்ற ஓநாய்கள், 2016-இல் இரண்டே எஞ்சின. எனவே 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்கள் வெளியிலிருந்து கொணரப்பட்டன. நீண்ட காலப் பதிவு இல்லாதிருந்தால், இந்நடவடிக்கையின் தேவையை ஆராய்ந்து முடிவு செய்ய வழியிருந்திராது.

நெடுங்கால ஆராய்ச்சிக்குப் பொருட்செலவு மிகும் என்பர் சிலர். விமானம் எல்லா இடத்திற்கும் வேண்டுவதன்று. அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் எண்ணுவதே முதன்மையானது. முறை மாறினால் முன்னைய எண்களோடு ஒப்பிடுதல் இயலாது. ஆதலின் மாற்றலாகிச் செல்லும் ஊழியர், தாம் எண்ணிய பாதையையும் நாளையும் முறையையும் தெளிவாக எழுதி, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இதனை அலுவலகங்கள் கட்டாயக் கடமையாக்குதல் நன்று.

ஆசிரியர்களும் இதில் பங்கு கொள்ளலாம். இயற்கையின் சமநிலையை அசையாத தராசாகப் படம் வரைந்து காட்டுவதோடு நில்லாது, இத்தீவின் எண்களை வரைபடமாக்கி மாணவர்க்குக் காட்டலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஏரியின் பறவைக் கூடுகளை ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் எண்ணி, ஒரே பதிவேட்டில் எழுதச் செய்யலாம். முதலாண்டின் எண் சிறிதளவே கூறும். இருபதாம் ஆண்டில் அப்பதிவேடு அவ்வேரியைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்தியைத் தரும்.