பிள்ளைக்கென்று மலிவுக் கூலி வேண்டாம்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் நமது குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குச் சில்லறை வேலைகள் வந்துவிடும். ஒரு வீட்டில் வளவு கூட்ட வேண்டும். இன்னொரு வீட்டில் விழுந்த தேங்காயைப் பொறுக்கிக் குவிக்க வேண்டும். வேறொரு வீட்டில் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். “மகன், ஒருக்கா வந்து செய்து தாங்க” என்றால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். வேலை முடிந்ததும் சிலர் ஐம்பது ரூபா கொடுப்பார்கள், சிலர் ஒரு பிஸ்கட் பக்கற் கொடுப்பார்கள், சிலர் “பிறகு தாறன்” என்று அனுப்பிவிடுவார்கள். இதற்கு ஒரு முறை வேண்டாமா?

நாம் சொல்லும் முறை ஒன்றுதான். பிள்ளை என்பதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. அதே வேலையைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் எவ்வளவு கொடுப்போமோ, அதையே பிள்ளையின் கையிலும் கொடுக்க வேண்டும்.

சின்ன விசயத்தைச் சங்கம் ஏன் பெரிதாக எடுக்கிறது என்று கேட்கலாம். பிள்ளைக்குக் குறைந்த கூலி என்ற கணக்கைத் தோட்டத் தொழிலாளர் ஏற்கெனவே பட்டு அறிந்தவர்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டுத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த வீதப்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் கூலி சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1977க்குப் பின் மலையகத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்தது இந்தக் கணக்குக்குள்தான்.

அந்தக் கணக்கால் இலாபம் அடைந்தது யார்? கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் பேரில் நின்றால்தான் ஒரு வீட்டு அடுப்பு எரியும் என்ற நிலை இருந்தது. பிள்ளையின் 32 சதமும் வீட்டுக்கு வருகிறதே என்பதால் தகப்பனின் 54 சதத்தை உயர்த்த வேண்டிய அவசரம் தோட்டத்துக்கு இருக்கவில்லை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்ததே 1984இல்தான். மலிவான ஒரு கை பக்கத்தில் இருக்கும்வரை மற்றக் கைகளின் விலையும் ஏறாது. தோட்டத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் நம் ஒழுங்கைக்கும் பொருந்தும். மூன்று பொடியன்மாரை ஐம்பது ஐம்பது ரூபாவுக்குப் பிடித்துத் தென்னங்காணியைத் துப்புரவாக்கினால், அந்த நாட்கூலியை இழப்பவர் நம் அடுத்த வீட்டுக்காரர்தான்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. எட்டு மணித்தியாலமாகப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. அரை மணித்தியாலம் வளவு கூட்டினால் 75 ரூபா. இதற்குக் கீழே போகக் கூடாது. ஊரில் அந்த வேலைக்குக் கூடிய கூலி நடந்தால் அந்தக் கூலியையே கொடுக்க வேண்டும். தொகையை வேலைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த உடனேயே கொடுத்துவிட வேண்டும். அது பிள்ளையின் காசு; வீட்டுக் கடையின் கடன் கொப்பியில் கழிக்கும் காசு அல்ல.

“அந்தக் காசுக்குப் பெரிய ஆளையே பிடிக்கலாமே” என்பீர்கள். பிடியுங்கள். நாம் விரும்புவதும் அதைத்தான். மலிவு என்ற காரணம் போய்விட்டால் பிள்ளையைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

தனியே இருக்கும் வயோதிப அம்மா 75 ரூபாவுக்கு எங்கே போவார் என்றும் கேட்கலாம். அவருக்குப் பிள்ளைகள் செய்வது உதவி. உதவியை உதவியாகவே கேட்கட்டும், பிள்ளைகளும் சந்தோசமாகச் செய்யட்டும். அதற்குக் கூலியும் வேண்டாம், பேரமும் வேண்டாம். வேலையை வாங்கிவிட்டு, காசு கொடுக்கும் நேரத்தில் அதை உதவி என்று சொல்வதுதான் பிழை.

காசு சரியாகக் கொடுத்தாலும் தாண்டக் கூடாத கோடுகள் உண்டு. 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு அமர்த்த முடியாது. எப்போதாவது ஒரு நாள் அரை மணித்தியாலம் கை கொடுப்பது வேறு. தினமும் நேரம் வைத்து வரச்சொல்வது வேலைக்கு அமர்த்துவதுதான். பாடசாலை நாளில் ஒரு பாடவேளை கூட இதற்காகப் போகக் கூடாது.

பதினாறு வயது முடிந்தாலும் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. தென்னை ஏறுவது, கூரிரும்பில் தேங்காய் உரிப்பது, மருந்து அடிப்பது, இரவில் வாவியில் தோணி விடுவது எதையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மரமுந்திரிகைக் கொட்டை உடைப்பதை வீட்டோடு செய்யும் சின்ன வேலை என்று நினைக்கிறோம். அதன் கோதில் உள்ள எண்ணெய் தோலை எரித்துக் காயமாக்கும். பெரியவர்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். சாராயமும் சிகரெட்டும் வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவதையும் நிறுத்துங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்பதே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கஷ்டப்பட்ட வீடுகளில் பிள்ளை கொண்டுவரும் நூறு ரூபாவும் அன்றைய அரிசிக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறையைப் பிள்ளையின் விடுமுறையால் நிரப்பினால் நமது சம்பளக் கோரிக்கை பலவீனப்படும். குடும்பம் வாழப் போதுமான சம்பளத்தைப் பெரியவர்களுக்காகக் கேட்டு நிற்பதுதான் சங்கத்தின் வேலை.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுப்போம். படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் ஒரே முறை இருக்கட்டும்: பிள்ளைக்குத் தனிக்கூலி இல்லை, பாடசாலை நேரத்தில் வேலை இல்லை, ஆபத்தான வேலை இல்லவே இல்லை. ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு வேலையில் நிற்பதைக் கண்டால் முதலில் அந்த வீட்டாரோடு பேசுவோம், கிளைத் தலைவருக்குச் சொல்வோம். அதற்கும் சரிவராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைப்போம்.