கடல் தாண்டி வரும் வாயுவும் நம்ம யூரியா மூட்டையும்



45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த மூட்டைக்குள்ளே கத்தார் நாட்டு வாயு இருக்கிறது என்றால் சிலர் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. நம் நாட்டு யூரியா ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. நாட்டில் செலவாகும் வாயுவில் சுமார் பாதி கப்பலில்தான் வருகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் வாயு திரவமாகி 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதைத்தான் எல்.என்.ஜி. என்கிறார்கள்.

இந்த வியாபாரம் இப்போது உலகத்தில் ஆண்டுக்கு 40 கோடி டன். 7 கோடியே 70 லட்சம் டன்னாக இருந்த தன் உற்பத்தித் திறனை 2030-க்குள் 14 கோடியே 20 லட்சம் டன்னாக்குவோம் என்று 2024-ல் கத்தார் அறிவித்தது. அமெரிக்காவும் போட்டி போடுகிறது. சரக்கு பெருத்தால் விலை இறங்கும் என்கிறார்கள். தக்காளி விற்ற நமக்கு அது தெரியாதா? ஆனால் ஏறும்போது எப்படி ஏறும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020-ல் ஆசியச் சந்தையில் ஒரு யூனிட் 2 டாலர். ரஷ்யா-உக்ரைன் போர் வந்த 2022-ல் 60 டாலரைத் தாண்டியது. ஐரோப்பாக்காரன் காசை வீசிக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனான். பாகிஸ்தானும் வங்கதேசமும் இருட்டில் கிடந்தன. அந்த வருஷம் நம் சர்க்காரின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். இந்தச் செலவைக் காட்டி நாளைக்கு மானியத்தில் கை வைத்தால் நாம் எங்கே போவது?

இன்னொரு பக்கம் நம் நிலம். கொச்சியில் இறங்கும் வாயுவைக் கொண்டுபோக 2013-ல் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத் தோட்டங்களில் குழாய் போட வந்தார்கள். நாம் மறித்தோம். 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நமக்கு எதிராகப் போனது. 1962-ஆம் வருஷத்துச் சட்டப்படி பட்டா நம் பேரில்தான் இருக்கும். ஆனால் குழாய்ப் பாதையில் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. தென்னை வைக்க முடியாத மண்ணைத் தோட்டம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு நஷ்டஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம்! அடமானம் வைக்கப் போனால் பாங்கிக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்.

வாயுவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, யூரியா நமக்கும் வேண்டும். ஆனால் குழாய் நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும். போட்டுத்தான் ஆகவேண்டிய இடத்தில் முழு நிலமதிப்பும் கொடு. டாலர் ஏறினாலும் யூரியா விலையில் கை வைக்காதே. இந்த மூன்றையும் தாலுகா ஆபீசில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். பட்டா நகலோடு வந்து சேருங்கள்.