இருக்கைகள் அமைத்தோம், கூடங்கள் எங்கே?

"பட்டதாரிகள் சங்கம்" என்றதும் எம்மவர் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டமே. 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்காகப் பந்தலில் அமர்ந்திருந்த அந்த இளைஞர்களையும் யுவதிகளையும் எவரும் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால், நான் இங்கு குறிப்பிட விரும்புவது வேறொரு வகைச் சங்கத்தை. முதற்பட்டம் பெற்ற பின்னர் உயர்பட்டங்களுக்காக ஆய்வு செய்யும் மாணவர்கள் தமக்கெனத் தாமே அமைத்துக்கொள்ளும் சங்கம் அது.

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இத்தகைய சங்கங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. புதிதாக வந்தோருக்கு வரவேற்பு, வாராந்தத் தேநீர்ச் சந்திப்பு, ஒன்றாக அமர்ந்து ஆய்வேடு எழுதும் நாள், ஆண்டுக்கொரு ஆய்வரங்கு என்று அவற்றின் நாட்காட்டி நிரம்பியிருக்கும். "படிக்கப் போன பிள்ளைகளுக்கு இந்தக் கேளிக்கைகள் எதற்கு?" என்று எமது பெற்றோர் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியே. பதிலும் உண்டு.

முதற்பட்ட மாணவனுக்கு ஒரு வகுப்பு உண்டு. கூடப் படிப்பவர்கள் உண்டு. ஒரே பரீட்சைக்கு அஞ்சும் நண்பர்கள் உண்டு. கலாநிதிப் பட்ட மாணவனுக்கோ தலைப்பும் தனி, பாதையும் தனி. மேற்பார்வையாளரைத் தவிர அவனது ஆய்வை அறிந்தவர் எவருமிலர். அந்த மேற்பார்வையாளரிடம் "எனக்கு வழி தெரியவில்லை" என்று சொல்லவும் அச்சம். 2018 ஆம் ஆண்டு 'நேச்சர் பயோரெக்னோலொஜி' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் தாமாக முன்வந்து பதிலளித்திருந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் கலாநிதிப் பட்ட மாணவர்கள். பொதுமக்களோடு ஒப்பிடுகையில் மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் ஆறு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டதாக அவ்வாய்வு கூறியது. தாமாக வந்து பதிலளித்தோரின் கணக்கு என்பதால் அதைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டாலும், புறந்தள்ளிவிட முடியாது.

இத்தனிமைக்கு மருந்து மருத்துவமனையில் மட்டும் இல்லை. வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 'தியா கோர்னர் இல்லம்' என்றொரு கட்டடம் இருக்கிறது. நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பிச் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து கனடாவுக்கு வந்த மரவியாபாரி லியோன் கோர்னர், மறைந்த தமது மனைவியின் நினைவாக அளித்த கொடை அது. 1961 இல் திறக்கப்பட்ட அவ்வில்லம் பட்டப்பின்படிப்பு மாணவர்களின் ஒன்றுகூடலுக்கானது. புலம்பெயர்ந்து வந்து பொருளீட்டிய ஒருவர், இளம் ஆய்வாளர்கள் கூடியமர ஓர் இல்லம் தந்தார் என்பது எம்மவர் சிந்திக்க வேண்டிய செய்தி.

கூடியமர்ந்தால் வெறும் பேச்சுத்தானே என்பீர்கள். பேச்சுத்தான், ஆனால் அதுவும் ஒரு பயிற்சி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008 இல் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற போட்டியைத் தொடங்கியது. அப்போது அங்கு கடும் வரட்சி. நீரைச் சேமிப்பதற்காகக் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பலர் மாட்டி வைத்திருந்தனர். போட்டிக்கான எண்ணம் பிறந்தது அதிலிருந்துதான். 80,000 சொற்களில் எழுதும் ஆய்வை, ஒரேயொரு படத்துடன், துறைசாராத ஒருவருக்கும் விளங்கும்படி மூன்று நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். இன்று 900 இற்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இப்போட்டி நடைபெறுகிறது.

ஒன்றுகூடல் ஆய்வாக மலர்வதற்கு எம்மிடமே சான்று உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைத் திரட்டி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மாலை நேர ஆட்டத்துக்கும் ஆய்வேட்டுக்கும் இடையே சுவர் இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

இன்று நாம் நடத்தும் ஆய்வரங்குகளைப் பாருங்கள். செய்தி சேகரிக்கச் சென்று நான் பல தடவை கண்ட காட்சி இது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை. பிரதம விருந்தினர் புறப்பட்டதும் புகைப்படக் கருவிகளும் புறப்பட்டுவிடும், முன்வரிசை வெறிச்சோடும். அதன் பிறகுதான் ஆய்வு மாணவி ஒருத்தி மேடைக்கு வருவாள். வலிகாமத்துச் சுண்ணக்கற் கிணறுகளில் கலக்கும் நைத்திரேற்று பற்றி அவள் பேசுவாள். வெங்காயச் செய்கையாளர் முதல் கைக்குழந்தையுள்ள தாய் வரை அனைவரும் கேட்க வேண்டிய விடயம் அது. "நேரமில்லை, சுருக்குங்கள்" என்று ஒரு துண்டுக் காகிதம் அவள் கைக்குப் போகும். மறுநாள் பத்திரிகையில் பிரதம விருந்தினரின் உரை வரும். கிணற்று நீர் வராது.

இனி எமது கொடைகளுக்கு வருவோம். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கான 60 இலட்சம் அமெரிக்க டொலர் நிதி 2018 இல் நிறைவெய்தியது. ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் கனேடிய டொலர் 2021 இல் நிறைவெய்தியது. உலகெங்குமுள்ள தமிழர் கொடுத்த பணம் அது. பெருமைக்குரிய செயல்; ஐயமில்லை. ஆயினும், இருக்கையில் அமர்பவர் ஒருவரே. அவரைச் சுற்றி அமர்ந்து கேள்வி கேட்கும் பத்து மாணவர்கள் இல்லையெனில் அந்த இருக்கை அலங்காரப் பொருளாகிவிடும். அந்தப் பத்துப் பேருக்கு ஒரு கூடம் தருவதற்கு இலட்சங்கள் தேவையில்லை.

சங்கம் என்றால் அரசியல் புகும், பகிடிவதை புகும், பணம் விருந்தில் கரையும் என்போர் உளர். எமது வளாகங்களின் வரலாற்றை அறிந்தோர் இவ்வச்சத்தை அலட்சியம் செய்யமாட்டார்கள். ஆனால், ஆய்வு மாணவர்கள் பதின்ம வயதினர் அல்லர். பலர் குடும்பத்தினர், சிலர் பகலில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் கடமையாற்றுவோர். கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுமாறு நிபந்தனை விதித்தால், நிதி பற்றிய அச்சமும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

எனவே, வடக்கு கிழக்குப் பல்கலைக்கழக நிர்வாகங்களிடமும் புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் வேண்டுவது மிகச் சிறிது. மாதம் ஒரு மாலை, ஓர் அறை, தேநீர், வடை. மாணவர்களே நடத்தட்டும். விளக்கேற்றலும் பொன்னாடையும் வேண்டாம். மூவர் தத்தமது முடியாத ஆய்வை, தோற்றுப்போன பரிசோதனை உட்பட, தமிழில் எடுத்துரைக்கட்டும். இரசாயனம் படிப்பவர் சொல்வதைச் சட்டம் படிப்பவர் கேட்கட்டும்; ஊரவர் விரும்பினால் அவர்களும் வந்து பின்வரிசையில் அமரட்டும். பிரதம விருந்தினராக எவரையும் அழைக்க வேண்டாம். அழைத்தே தீரவேண்டுமெனில், அந்த வெங்காயச் செய்கையாளரை அழையுங்கள்.