வாயுவுக்கு ஆள்கணக்கு தெரியாது

ரயில் பெட்டிப் பணிமனை முதல் சாலையோர லாரிப் பட்டறை வரை இரும்பை வெட்டவும் இணைக்கவும் பயன்படுவது அசிட்டிலீன் வாயு. கால்சியம் கார்பைடுடன் தண்ணீர் சேரும்போது உண்டாகும் இந்த ஹைட்ரோகார்பன், ஆக்சிஜனுடன் எரிகையில் 3,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தருகிறது.

இந்த ஆற்றலுக்குள்ளேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். 80 சதவீதம் கலந்திருந்தாலும் பற்றும். அழுத்தம் அளவு மீறினால் காற்றே இல்லாமலும் சிதைந்து வெடிக்கும். ஆகவேதான் மெரூன் நிறச் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் ஊறிய அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். அசிட்டோன் வெளியேறாதிருக்கச் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வெடிக்கும் சேர்மம் உருவாகும் என்பதால் செம்புக் குழாயை இணைக்கக் கூடாது. தீச்சுடர் குழாய்வழியே பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் கருவியும் கட்டாயம் தேவை.

இவை எவையும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால், வெடிப்புற்ற குழாயைக் கம்பியால் கட்டி வேலை செய்யச் சொன்னால், மறுக்கும் நிலையில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறாரா? மறுத்தால் நாளை வேலை இல்லை. விபத்து நேர்ந்தாலோ, பழி அவருடைய ‘கவனக்குறைவு’ மீதே சுமத்தப்படுகிறது. பாதுகாப்புக் கருவிக்கான செலவை மிச்சப்படுத்திய முதலாளியின் லாபக் கணக்கு பேசப்படுவதே இல்லை.

இச்சூழலில் சட்டம் வலுப்பட்டிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சக்தியுடன் இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2020இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதனை 20 ஆக உயர்த்திவிட்டது. ஆய்வாளரும் இனி ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டி’ ஆகிவிட்டார். அசிட்டிலீன் அதிகம் புழங்கும் சிறு பட்டறைகள் பலவற்றில் 20 பேர் இருப்பதில்லை. ஆள் குறைந்தால் வாயுவின் எரியும் தன்மை குறைந்துவிடுமா?

வாயுவின் இயல்பைச் சட்டத்தால் மாற்ற முடியாது. வேலை நிலைமையை மாற்ற முடியும். எனவே, எண்ணிக்கை வரம்பின்றி அனைத்துப் பட்டறைகளிலும் பாதுகாப்பு விதிகள் அமலாக வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை நடைமுறையில் உறுதிப்பட வேண்டும். கூலிக் கோரிக்கைக்கு நிகராக இக்கோரிக்கையையும் தொழிற்சங்கங்கள் பட்டறை வாயில்களுக்குக் கொண்டு செல்வது உடனடிக் கடமையாகும்.